கூண்டுக் கவுதாரி

உப்பளத்துக் காவல் வேலையை விட்டுவிட்டு மாப்பிள்ளையூரணிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். உடைமரக் காட்டுக்குள் ஒரு கவுதாரி கத்தியது. கால் நின்றுவிட்டது.

நான் சிறுவனாக இருந்தபோது, பங்குனியில் அப்பா தன் வளர்ப்புக் கவுதாரியைக் கூண்டோடு காட்டில் வைத்து, சுற்றிலும் கண்ணி கட்டுவார். அது கத்தினால் காட்டுக் கவுதாரிச் சேவல்கள் சண்டைக்கு ஓடிவந்து மாட்டிக்கொள்ளும். ஒரு கிழட்டுச் சேவல் மட்டும் புதரை விட்டு வராமல், பதிலுக்குப் பதில் கத்திக்கொண்டே இருக்கும்.

"கறி கொண்டாரச் சொன்னா, கச்சேரி கேட்டுட்டு வாறீய" என்பாள் அம்மா.

"பொறு ஏளா, வராம எங்கன போவான்?"

ஒரு விடியலில் அதுவும் வந்து மாட்டியது. குழம்பு வைத்தோம்.

மறுநாள் எங்கள் கவுதாரி வெகுநேரம் கத்திப் பார்த்தது. பதில் இல்லை. சில நாளில் கத்துவதையே விட்டுவிட்டது. வேறு காட்டில் கொண்டு வைத்தும் வாய் திறக்கவில்லை. அப்பாவின் வேட்டை அதோடு முடிந்தது.

"அவன விட்டிருக்கணும்லே" என்று கூண்டைப் பார்த்தபடி சொன்னார்.

உடைமரத்துக் கவுதாரி மறுபடி கத்தியது. பதிலுக்காக நானும் காத்திருந்தேன், வரவில்லை. உப்பளத்தில் எனக்கும் பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது.

மறுநாள் காலை, துறைமுகத்தில் மூட்டை ஏற்றும் கூட்டத்தில் சேர்ந்தேன். கூலி குறைவு. ஆனால் ஒருத்தனும் வாய் மூடுவதில்லை.