சொந்தக்காரர் இல்லாத பெங்களூரு

ஒரு ஹோட்டல் அறையின் ஜன்னலுக்காக, முன்பின் தெரியாத பலர் சண்டை போட்டுக்கொள்வதை நீங்கள் படித்திருக்கிறீர்களா? நான் படித்தேன். போன மாதம், நான்கு நாட்கள், வேறு வேலை எதுவும் பார்க்காமல்.

ஒருவர், ‘ஜன்னலைத் திறந்தால் பூங்கா தெரிகிறது, மனசே லேசாகிவிட்டது’ என்கிறார். அடுத்தவர், ‘ஜன்னலைத் திறக்கவே முடியவில்லை’ என்கிறார். மூன்றாமவர், ‘எந்த ஜன்னல்?’ என்று கேட்கிறார். மூவரும் தங்கியது ஒரே ஹோட்டல். உண்மை என்பது ஒன்றா, பலவா என்று காலங்காலமாக மண்டையை உடைத்துக்கொண்ட தத்துவவாதிகளிடம் ஒரு ஸ்மார்ட்போனைக் கொடுத்து ரூம் புக் பண்ணச் சொல்லியிருக்கலாம். சீக்கிரம் முடிவுக்கு வந்திருப்பார்கள்.

நான் ஏன் இதையெல்லாம் படித்தேன்? எல்லாம் காலண்டரால் வந்தது.

என் மனைவி சிவகாமி, புதுக்கோட்டையை ஒட்டிய திருக்கோகர்ணத்தில் பள்ளி ஆசிரியை. ஒரு நாள் சாயங்காலம் காலண்டரைப் பார்த்தபடியே சொன்னாள்: “வெள்ளிக்கெழம லீவு. சனி, ஞாயிறு சேத்தா மூணு நாள். எங்கிட்டாச்சும் போவோம்ங்க.”

நான் நியாயமாகத்தான் கேட்டேன். “யாருக்குக் கல்யாணம்?”

அவள் காலண்டரிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். ஆனால் கேள்வியில் என்ன தப்பு? எங்களுக்கு மணமாகி இருபத்திரண்டு வருஷம். இருவரும் சேர்ந்து போன ஊர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். காரைக்குடி – காதுகுத்து. மதுரை – வளைகாப்பு. கோயம்புத்தூர் – புதுமனை புகுவிழா. சென்னை – கருமாதி. அந்தச் சென்னைப் பயணத்தில் கடற்கரைக்குப் போக இரண்டு மணி நேரம் இருந்தது. போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று போகவில்லை.

“இந்தத் தடவ கையில தட்டு இல்லாமப் போகணும்” என்றாள் சிவகாமி. “யாரும் என்னைய அண்ணின்னோ பெரியம்மான்னோ கூப்பிடாத மூணு நாள் வேணும். நான் பாட்டுக்கு ஒரு கடையில உக்காந்திருக்கணும். ஒருத்தர் வந்து, ஒங்களுக்கு என்ன வேணும்னு என்கிட்ட கேக்கணும். அம்புட்டுதான்.”

அம்புட்டுதான் என்று சொன்னாளே தவிர, சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். வகுப்பில் அவள் இதைச் செய்தால் கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொள்ளுமாம். நானும் மூடிக்கொண்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் போவது யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாக, என் பக்கத்துச் சொந்தங்களுக்கு.

உடனே களத்தில் இறங்கினேன். புதுச்சேரி என்றேன் – கடல் இருக்கிறது, காபிக்கடைகள் இருக்கின்றன, எங்களுக்கு ஒரு சொந்தம்கூட இல்லை. வேண்டாம் என்றாள். கொச்சி? அங்கே எங்கள் பெயரைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூட ஆளில்லை. வேண்டாம். மைசூர்? வேண்டாம்.

“அப்ப எங்கதான் போறது?”

“பெங்களூர்.”

எனக்குக் குழம்பியது. அதுவரை லேசாகத்தான் குழம்பியிருந்தேன். இப்போது கலங்கலாகவே ஆகிவிட்டது. ஏனென்றால் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வெளியே எங்கள் சொந்தக்காரர்கள் அதிகம் வசிக்கும் ஊர் பெங்களூருதான். என் சித்தப்பா பிள்ளைகள் நாலு பேர் அங்கே குடும்பத்தோடு இருக்கிறார்கள். சொந்தம் வேண்டாம் என்கிறவள் பெங்களூரைக் கேட்பது, தூசி ஆகாது என்று டாக்டரிடம் சொன்னவர் நேரே அரிசி மில்லுக்குள் போய் நிற்பது மாதிரி இல்லையா?

எடுத்துச் சொன்னேன். தெரியும் என்றாள். பெரிய ஊர், நம்மை யார் பார்க்கப்போகிறார்கள் என்றாள்.

சரி, டிக்கெட். லாங் வீக்கெண்டில் பஸ் டிக்கெட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். நான் போனைத் திறந்தேன்... பாதி பஸ் காலி! வியாழக்கிழமை கிளம்ப, ஜன்னலோரம், முன்பக்கம், கேட்ட சீட். நடுவில் ஒரு தடவை கைதவறி ஊர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். அன்றைக்கு அங்கிருந்து இங்கே வரும் பஸ்ஸில் ஒரு சீட்கூட இல்லை. ஸ்பெஷல் பஸ்களும் நிரம்பியிருந்தன. நல்லவேளை, நாம் அந்தத் திசையில் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதோடு நினைப்பதை நிறுத்திக்கொண்டேன். இப்பேர்ப்பட்டவன்தான் உங்களுக்கு வாராவாரம் உலக நடப்பை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் ராமு அண்ணன் என் ஆபீசுக்கு வந்தார்.

ராமு அண்ணன் என் பெரியப்பா மகன். பொன்னமராவதியில் மளிகைக்கடை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். சனிக்கிழமை நகை எடுக்கப் போகிறோம், சிவகாமியும் கூட வந்தால் நன்றாயிருக்கும் என்றார். உடம்பு சரியில்லை என்றிருக்கலாம். ஸ்கூலில் ஸ்பெஷல் கிளாஸ் என்றிருக்கலாம். வாரம் ஒரு பக்கம் அளந்து விடுகிறவனுக்கு அந்த நிமிஷத்தில் ஒரு பொய் வரவில்லை. பெங்களூரு என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் முகம் மலர்ந்தது. “பெங்களூரா? நல்லதாப் போச்சு தம்பி. நம்ம ஆளுக நாலு வீட்டுக்கும் எப்படிப் போயி பத்திரிக வைக்கிறதுன்னு தெகைச்சுப்போயி இருந்தேன்.”

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகையைக் கொடுப்பதில்லை, ‘வைப்பது’. புருஷனும் பெண்சாதியுமாக அவர்கள் வீட்டுக்கே போக வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, மேலே பத்திரிகை, பக்கத்தில் குங்குமம். வீட்டார் சேர்ந்து நின்று வாங்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அவமானம். வழியில் பார்த்துக் கையில் திணித்தால் அதைவிட அவமானம். கூரியரில் வந்த ஒரு பத்திரிகையால் எட்டு வருஷம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள் எங்கள் குடும்பத்தில் உண்டு. கூரியர்காரர் மட்டும் இரண்டு வீட்டுக்கும் நல்லவராக இருந்தார்.

ஆக, நாலு பத்திரிகை. ஒரு தட்டு. ஒரு குங்குமச் சிமிழ். ‘வெத்தல மட்டும் அங்கிட்டு வாங்கிக்க, இங்கருந்து போனா வாடிரும்’ என்ற அறிவுரை. எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தட்டு இல்லாத பயணம் வேண்டும் என்று இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை கேட்டவளிடம், தட்டோடு போய் நிற்பது எப்படி? பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்தேன். அப்படியும் வீடு வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையில் எல்லாவற்றையும் வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. பத்திரிகைகளின் மேலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“நாலும் அவங்கதானா? பெங்களூர்ல வேற யாருக்கும் இல்லையே?”

“இல்ல.”

“அப்பச் சரி. தட்ட என் பையில வச்சிருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மனைவி கோபப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. சிரித்தால் என்ன செய்வது?

அவர்களுக்கு போன் பண்ணி, வருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

“எதுக்கு? அவங்க சொல்லிட்டா வாராங்க?”

எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு எனக்குப் புரியாமல் போனவற்றில் இது எத்தனையாவது என்றும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெங்களூரு போய்ச் சேர்ந்தோம். எங்கள் அறையில் ஜன்னல் இருந்தது. திறந்தது. திறந்தால் எதிர்க் கட்டிடத்தின் ஜன்னல். இருக்கட்டும். முதலில் நாலு பத்திரிகையையும் வைத்துவிட்டால் மிச்ச நாட்கள் சிவகாமிக்கு என்று கணக்குப் போட்டேன். குளித்து, வேட்டி கட்டி, வெற்றிலை வாங்கிக் கிளம்பினோம்.

முதல் வீடு. பூட்டு.

இரண்டாவது வீடு. பூட்டு. வாசலில் அன்றைய பேப்பர் பிரிக்காமல் கிடந்தது.

மற்ற இருவரும் ஒரே அப்பார்ட்மென்டில் இருப்பவர்கள். வாட்ச்மேன் என் வேட்டியையும் சிவகாமியின் தட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பாதித் தமிழில், ரெண்டு ஃபேமிலியும் நேற்றே ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார். எந்த ஊருக்கு? தமிழ்நாட்டுக்காம். தமிழ்நாடு பெரிது என்றேன். அதற்கு அவர் என்ன செய்வார்?

அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு பத்திரிகை விட்டுப்போனாலே வருஷக்கணக்கில் பேச்சு நிற்கும். இப்போது நாலும் என் கையில். கல்யாண மண்டபத்தில் நாலு வரிசை நாற்காலி காலியாகக் கிடப்பது கண்முன்னே தெரிந்தது. சிவகாமி, பசிக்கிறது என்றாள்.

அந்தத் தெருமுனையிலேயே ஒரு ஹோட்டல். கவுண்டரில் டோக்கன் வாங்கி, நாமே தட்டை எடுத்துவந்து சாப்பிடும் வகை. சிவகாமி சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். தோசையை நான் போய்க் கொண்டுவந்தேன். வெண்ணெய் உருகி ஓடிய அந்தத் தோசையை அவள் அவசரமே இல்லாமல் ஓரத்திலிருந்து பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டாள். நான் போனை எடுத்தேன். பஸ்ஸில் தூங்குவதற்காக சைலன்டில் போட்டது அப்படியே கிடந்தது. வரிசையாக மிஸ்டு கால். எல்லாம் அந்த நாலு பேர். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராமு அண்ணன் கூப்பிட்டார்.

“தம்பி, எங்க இருக்க?”

“பெங்களூர்லதாண்ணே. பத்திரிக வைக்கலாம்னு போனா, எல்லா வீடும் பூட்டிக் கெடக்கு.”

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது.

“பூட்டித்தான் கெடக்கும். நாலு வீட்டு ஆளும் இங்கிட்டு என் வீட்ல உக்காந்து இட்லி தின்னுக்கிட்டிருக்காங்க.”

விஷயம் இதுதான். குன்றாண்டார்கோவில் பக்கத்தில் எங்கள் குலசாமி. மூன்று நாள் லீவு விட்டால், நாலு குடும்பமும் ஒரு வேன் பிடித்துச் சாமி கும்பிட வந்துவிடும். கும்பிடுவது அங்கே, குளிப்பது, சாப்பிடுவது, பாய் விரிப்பது எல்லாம் திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டில். திருச்சி தாண்டியதும் ஒரு போன் வரும், ‘அண்ணி, வந்துக்கிட்டே இருக்கோம்’ என்று. அன்று காலையிலும் வேன் எங்கள் வாசலில் வந்து நின்றிருக்கிறது. கேட்டில் பூட்டு. சிவகாமியின் போன் ஸ்விட்ச் ஆஃப். வேனை நேரே பொன்னமராவதிக்குத் திருப்பிவிட்டார்கள். எங்கள் பஸ்ஸும் அவர்கள் வேனும் வழியில் எங்கோ ஒன்றையொன்று கடந்திருக்க வேண்டும்.

பத்திரிகை என்ன ஆயிற்று என்று பயந்துகொண்டே கேட்டேன். வீட்டிலிருந்த வேறு நாலை எடுத்துத் தட்டில் வைத்து அங்கேயே கொடுத்துவிட்டாராம். “அவுக வீட்டுக்குப் போயி வைக்கணும்கிறதுதான் மொற. அவுகளே வீடு தேடி வந்துட்டா என்ன செய்யச் சொல்ற?” என்றார். எதிர்ப்பக்கம் யாருடைய முகமும் சுருங்கவில்லையாம். இட்லி சூடாக இருந்திருக்கும்.

போனை வைத்தேன். நினைத்துப் பார்த்தால்... ஒவ்வொரு லாங் வீக்கெண்டும் அவர்கள் வந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் அது மழை வருகிற மாதிரி இருந்திருக்கிறது. வரும், போகும், நமக்கு அதில் என்ன வேலை?

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“போன லீவுக்குப் பதினேழு பேரு. அதுக்கு முந்துன லீவுக்குப் பத்தொம்போது. நீங்க முன்ரூம்ல உக்காந்து அவங்களோட அரசியல் பேசிக்கிட்டிருந்தீங்க.” தோசையில் இன்னொரு துண்டு பிய்த்தாள். “இந்த மூணு நாளு அவங்க யாருமே இல்லாத ஊரு இது ஒண்ணுதான். வேற எங்க போனாலும், நாங்களும் வாரோம்னு வேனத் திருப்பிருவாங்க.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வந்திருப்பீங்க.”

கொடுத்துவிட்டுத்தான் வந்திருப்பேன்.

அவள் சாப்பிடுவதைக் கொஞ்சம் நிறுத்தினாள். அண்ணன் வீட்டில் இப்போது யார் இட்லி ஊற்றிக்கொண்டிருப்பார்கள் என்பது அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். “பாவம் அக்கா, கல்யாண வேலைக்கு நடுவுல” என்றாள், அண்ணன் மனைவியை நினைத்து. “அடுத்த லீவுக்கு அவுகளையும் கூட்டிட்டு வந்துருவோம். ராமு மாமாகிட்ட நீங்க சொல்லாதீங்க. நான் பாத்துக்கிறேன்.”

பிறகு சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். காபி வேணும் என்றாள்.

கவுண்டருக்குப் போனேன். சர்க்கரை போட்டதா, போடாததா என்று அங்கிருந்தவர் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவள் போட்டுத் தரும் காபியைக் குடித்திருக்கிறேன். அவள் குடித்து நான் பார்த்ததில்லை. பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு, மேஜைக்குத் திரும்பி வந்து கேட்டேன்.

“ஒனக்கு என்ன மாதிரி வேணும்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள். பிறகு சொன்னாள்: “அரைச் சக்கர.”

நூறு விமர்சனத்துக்கு மேல் படித்தேன்... இதை ஒருத்தரும் எழுதியிருக்கவில்லை.