உறுதிசெய்ய இயலவில்லை

என் அக்கா வீட்டுக்காரர் நீதிமன்றத்து நோட்டீஸை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை பார்த்தவர். வழக்கு யார் மேலோ அவரிடம் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். வீடு பூட்டியிருந்தால் 'பூட்டியிருந்தது' என்று எழுதித் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நீதிமன்றம் மறுபடி தேதி போட்டு மறுபடி நோட்டீஸ் அனுப்பும். அதற்குள் ஒரு மாதம், ஒன்றரை மாதம் ஓடிவிடும்.

ஆபீசில் அவருக்குப் 'பூட்டு' என்றுதான் பெயர். நானும் அதே கட்டடத்தில், மாடியில் தட்டச்சு செய்கிறவன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு என்றால், மாமா போகிற வீடு அடிக்கடி பூட்டியிருக்கும். உள்ளே நிறைமாத கர்ப்பிணி இருப்பாள். அல்லது பரீட்சைக்குப் படிக்கிற பெண்ணோ, படுத்த படுக்கையாக ஒருவரோ இருப்பார்கள். "நான் வரல, நீங்க என்னைப் பாக்கல. அதுக்குள்ள வேற வீடு பாருங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு மாமா சைக்கிளை எடுத்துவிடுவார்.

சரியா தப்பா என்று கேட்டால் தப்புதான். நான் ஒன்றும் பூசி மெழுகவில்லை. ஆனால் அந்த வாசல்களில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காத மனுஷன் அவர். வெயிலில் நாக்கு வறண்டாலும் அடுத்த தெருக் குழாய்க்குத்தான் போவார். எதையாவது கைநீட்டி வாங்கினால் பேரம் ஆகிவிடும் என்பார்.

அக்காவுக்கு இதில் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு. "ஊருக்கெல்லாம் நல்லவரு. நமக்குன்னு வந்தா மட்டும் கையை விரிப்பாரு" என்று என்னிடம் சொல்லுவாள். அவர் காதில் விழுகிற மாதிரிதான் சொல்லுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் பேராசிரியை வந்து சேர்ந்தார். சட்டக் கல்லூரியில் பாடம் எடுப்பவர். சட்டம் புத்தகத்திலிருந்து கிளம்பி ஓர் ஏழையின் கதவைத் தட்டுகிறவரை நடுவில் என்னென்ன நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்யப்போகிறாராம். மேலிடத்து அனுமதியோடு வந்திருந்தார். யாரோடாவது கூடவே சுற்ற வேண்டும். மற்றவர்கள் எல்லாம் மெல்ல நழுவிவிட, வேலை மாமா தலையில் விழுந்தது. முன்னால் சைக்கிளில் மாமா, பின்னால் ஸ்கூட்டரை ஆமை வேகத்தில் ஓட்டிக்கொண்டு பேராசிரியை. ஆபீஸ் ஜன்னலில் நின்று நாங்கள் சிரிக்காத நாள் இல்லை.

ஒரு வருஷம் போல அப்படிச் சுற்றினார்கள். மாமாவை 'அண்ணா' என்றார், அக்காவை 'அண்ணி' என்றார். ஞாயிற்றுக்கிழமையானால் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அக்காவுக்குக் காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவர்தான், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரை யாரும் உட்காரவைத்து எதுவும் கேட்டதில்லை. இந்த அம்மா கேட்டார். மாமா மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார், பூட்டுச் சங்கதி உட்பட.

"மாமா, அவங்க எழுதறவங்க. கொஞ்சம் வாயைக் கட்டுங்க" என்றேன்.

"பேரு போட மாட்டாங்க மாப்ளே. அது அவங்க தொழில்ல சத்தியம் மாதிரியாம். சும்மா பயப்படாத."

பெயர் போடவில்லை. அதில் பொய்யில்லை. புத்தகம் கெட்டி அட்டையோடு, விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிற மாதிரி வெளிவந்தது. அவரே ஒரு பிரதியைக் கொண்டுவந்து 'அண்ணனுக்கு அன்புடன்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் ஆங்கிலம். சாயங்காலம் வேலை முடிந்து போய் நான்தான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

நாலாவது அத்தியாயம் முழுக்க மாமாதான். பெயர் மட்டும் இல்லை. இடது கையில் சுண்டுவிரல் இல்லாதவர், இன்னும் சைக்கிளில் போகிறவர், போகும்போது மூக்கால் பாடுகிறவர், ஓய்வுபெறும் வயதை நெருங்குகிறவர் என்று வர்ணனை இருந்தது. முகத்துக்கு முகமூடி போட்டுவிட்டு நெற்றியில் விலாசத்தை ஒட்டிய கதை. 'அண்ணா' அங்கே 'தகவலாளி' ஆகியிருந்தார். மாமா அதற்குக்கூடச் சிரித்தார்.

ஆனால் பேராசிரியை அவரைப் பற்றி நன்றாகத்தான் எழுதியிருந்தார். சட்டத்தில் இல்லாத அவகாசத்தை ஒரு கடைநிலை ஊழியர் தன் கையால் உண்டாக்கிக் கொடுத்தார் என்று இருந்தது. அதைக் கேட்டு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருப்பதை அவரே பார்த்துவிட்டு, அதையும் படிக்கச் சொன்னார்.

'இச்சலுகைகளுக்கு ஈடாகப் பணம் பெறப்பட்டதா என்பதை இந்த ஆய்வில் உறுதிசெய்ய இயலவில்லை.'

"திரும்பப் படி."

படித்தேன்.

"அவங்களுக்குத் தெரியுமேடா" என்றார்.

வீட்டுச் சொந்தக்காரர்களின் வக்கீல் ஒருவர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுப் புகார் கொடுத்தார். விசாரணை வந்தது. பொய் எழுதியதை மாமா முதல் நாளே ஒத்துக்கொண்டார். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்வதாகவும் சொன்னார். பணம் வாங்கவில்லை என்பதை மட்டும் மறுபடி மறுபடி சொன்னார். விசாரணை அதிகாரி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "ஒரு வருஷம் கூடவே இருந்தவங்களே உறுதியாச் சொல்லலையே, நான் எதை வச்சு நம்புறது?"

மாமா காப்பாற்றிய குடும்பங்களில் ஒன்றுகூட வந்து பேசவில்லை. பேசினால் தாங்களும் மாட்டுவோம் என்ற பயம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மிச்சம் இருந்தது பேராசிரியை ஒருத்தர்தான்.

அவர் அறைக்கு நானும் கூடப் போனேன். சுவர் தெரியாத அளவுக்குப் புத்தகம். ஒரு பக்கம் சட்டம், ஒரு பக்கம் பொருளாதாரம், ஜன்னலை மறைத்துக்கொண்டு நாட்டுப் பாதுகாப்பு. வந்தவர்கள் உட்காரும் நாற்காலியிலும் ஓர் அடுக்கு. அதை இறக்கித் தரையில் வைத்துவிட்டு மாமாவை உட்காரச் சொன்னார்.

"நீங்க வாங்கலன்னு எனக்குத் தெரியும் அண்ணா."

"அதை மட்டும் வந்து சொல்லுங்கம்மா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"எனக்குத் தெரியும்கறது வேற, ஆய்வுல சொல்றது வேற. நான் கூட இல்லாத நேரத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு எடுத்துக்க முடியும்? அச்சுக்கு முன்னாடி படிச்சுப் பாத்த பெரியவங்க இதைத்தான் கேட்டாங்க. அந்த வரி இல்லன்னா அத்தியாயமே நின்னிருக்காது."

"அப்போ இப்ப வந்து சொல்லுங்க" என்றேன் நான்.

"சொன்னா, அந்த ஆள் இவர்தான்னு நானே காட்டிக்குடுத்த மாதிரி ஆயிடும். அண்ணாவோட அடையாளத்தைக் காப்பாத்தறது என் கடமை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊர் பூராவும் தெரிந்த அடையாளத்தை இனி எந்தப் பெட்டியில் போட்டுப் பூட்டப்போகிறீர்கள் என்று கத்திவிட்டேன். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்றால் இதுதான் என்றும் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது, ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை.

மாமா என்னைக் கையமர்த்தினார். "எங்க வீட்டுல எத்தனை ஞாயித்துக்கிழமை சாப்பிட்டிருக்கீங்க. வாங்குற ஆள் வீடு மாதிரியாம்மா இருந்துச்சு?"

பேராசிரியை மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதையும் எழுதியிருந்தேன் அண்ணா. பக்கம் அதிகமாப் போச்சுன்னு எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்."

மாமா எழுந்து வெளியே வந்துவிட்டார். படியில் இறங்கும்போது, "பக்கம் அதிகமாப் போச்சாம்டா" என்றார்.

விசாரணை முடிந்து, பணிக்காலம் முடியுமுன்னே அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் பேச்சு வேறு மாதிரி போனது. சலூனில் ஒருவன், "ஒரு பூட்டு என்ன விலைக்குப் போச்சு அண்ணே?" என்று கேட்டுச் சிரித்தான். மாமா பாதி முகச்சவரத்தோடு எழுந்து வந்துவிட்டார். அதன் பிறகு நான்தான் அவருக்கு வீட்டில் வைத்து மழித்துவிட்டேன்.

அப்படி ஒரு காலையில், கன்னத்தில் சோப்பு நுரையோடு அவர் உட்கார்ந்திருக்க, அக்கா வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். வைத்தவள் போகவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

"கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு தடவைகூடவா வாங்கல? வாங்கியிருந்தாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நான் சவரக் கத்தியை அவர் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டேன். என்ன கேட்கிறாய் என்று அக்கா மேல் பாய்ந்தேன். அவள் அழ ஆரம்பித்தாள். ஊரெல்லாம் பேசுது, படிச்ச பொம்பளை எழுதியிருக்கா, எனக்கு எதை நம்புறதுன்னு தெரியலடா என்றாள். மாமா எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார்.

"அந்தம்மா எழுதுனப்பகூட எனக்கு இப்படி வலிக்கல" என்று என்னிடம்தான் சொன்னார்.

விசாரணையில் கேட்டவர்களுக்கெல்லாம் சலிக்காமல் இல்லை, இல்லை என்று சொன்ன மனுஷன். அக்காவிடம் அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை சொல்லவில்லை.