நூல் கடைக்கு நூலாசிரியை வந்த கதை

நூல் கடை வேலை என்பது நூல் விற்கிற வேலை இல்லை. வாங்கிப் போன நூலை வைத்து எங்கே தப்புப் பண்ணினோம் என்று கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிற வேலை. கடையில் கால் கடுக்க நின்ற அன்பர்களுக்கு இது புரியும். பிரெஞ்சுக்காரர்கள் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துச் சந்தில், சலீம் பாய் கடையில் நான் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். தையல் நூல், பூவேலை நூல், கம்பளி நூல் எல்லாம் உண்டு. இந்த ஊர் வெயிலுக்குக் கம்பளி யார் வாங்குவார்கள் என்று கேட்காதீர்கள். வீட்டுக்கொருவர் பிரான்சில் இருந்தால் வாங்கத்தானே வேண்டும்!

கதவைச் சாத்திக்கொண்டு

சட்டை பின்னுகிற பெண்கள் பாதியில் நின்றுபோய்க் கடைக்கு வருவார்கள். "அடுத்த வரிசை எப்படிப் போடணும்?" என்பார்கள். நான் விழிப்பேன். ஒருநாள் பாய் என்னைக் கூப்பிட்டு, "கோவிந்தசாமி, வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுக்கத் தெரியலன்னா, தெரிஞ்ச பொம்பளையா ஒருத்தரை வேலைக்கு வச்சுக்கறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கடையிலேயே விற்பனைக்கு ஒரு பின்னல் புத்தகம் இருந்தது. கடலூரில் தையல் டீச்சராக இருந்த விசாலாட்சி அம்மாள் எழுதியது. ஒன்றை வாங்கிக்கொண்டு போய், மூலக்குளத்து வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ஊசியோடு உட்கார்ந்தேன். பக்கத்துக்குப் பக்கம் "சகோதரிகளே, இப்போது ஊசியைத் திருப்புங்கள்" என்று இருக்கும். நானும் திருப்புவேன். இரண்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தைச் சட்டை தேறிவிட்டது. அதற்குள் என் மனைவி பார்த்துவிட்டாள். தலையில் அடித்துக்கொண்டாள். சட்டையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்:

"நாலு பேரு பார்த்தா சிரிப்பாங்க. அது கெடக்கு, இந்தக் கழுத்தை எப்படி வளைச்ச, சொல்லு."

ஏழாம் மாசத்துக் குல்லா

அஞ்சலை என்று ஒருத்தி, மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஐப்பசி மழையில் ஒருநாள் காலிக் கூடையோடு வந்து நின்றாள். அவள் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே ஆண் குழந்தை பிறந்திருந்தது. தலையில் குளிர் படவே கூடாது, கம்பளிக் குல்லா போடுங்கள் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா சொல்லியிருக்கிறார். கடைகளில் இருந்த குல்லா எல்லாம் குழந்தையின் தோள் வரைக்கும் இறங்கியதாம்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊசி பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன், அவள் பின்னினாள். "அறுபது கண்ணி" என்று வாசித்ததும், "வலைக்கும் கண்ணிதானே, எங்க வூட்டுக்காரரு போடறதைப் பார்த்திருக்கேன்" என்று விரலை மடக்கி எண்ண ஆரம்பித்துவிட்டாள். மீன் விற்ற கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கம்பளியைத் தொட்டாள். மூன்று நாள், மத்தியான வேளையில், கடை வாசலில் உட்கார்ந்து முடித்தாள். முகம் சுளித்த ஓரிரண்டு பேரிடம் பாய், "குழந்தைக்குங்க" என்று மட்டும் சொன்னார். நாலாம் நாள் ஓடி வந்தாள்.

"பொருந்திடுச்சு அண்ணே! நம்ம கொழந்தய அளந்து பார்த்து எழுதின மாதிரி இருக்கு!"

நோட்டீஸ்

புத்தகம் நன்றாகப் போனதால், டீச்சரையே ஒருநாள் கூப்பிட்டுப் பேசச் சொல்லலாம் என்று பாய்க்குத் தோன்றியது. "நமது நூல் கடையில் நூலாசிரியை பேசுகிறார், நூலில் கையெழுத்திட்டுத் தருவார்" என்று எழுதி வாசலில் ஒட்டினேன். நூலில் எப்படிக் கையெழுத்துப் போடுவார்கள் என்று ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். மில்லில் நூற்பு வேலை பார்க்கும் ஒருவர் நோட்டீசை இரண்டு தடவை படித்துவிட்டு உள்ளே வந்தார். நூற்கச் சொல்லிக்கொடுக்க வருகிறார்கள் என்று நினைத்தாராம். பின்னல் புத்தகம் என்று விளக்கினேன். போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

"இருவது வருஷமா நூல் நூக்கறேன், அதை வச்சு யாரு என்னா பண்றாங்கன்னு ஒருநாளும் பார்த்ததில்ல; நானும் வரேன்."

எண்பதும் அறுபதும்

தை மாதம் ஒரு சாயங்காலம். பெஞ்சுகள் நிறைந்து, வாசல் வரை பெண்கள். டீச்சர் கடலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான உருவம், கையில் துணிப்பை. எழுந்து நின்றார். வணக்கம் சொன்னார். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வகுப்புப் பிள்ளைகளைத் தவிர வேறு யார் முன்னாலும் அவர் பேசியதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. பாய் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் மதாம் லூர்து எழுந்தார். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பிழை கண்டால் விடமாட்டார். "பார்தோன், மன்னிக்கணும், உங்க குல்லா என் பேரன் தலையில ஏறவே இல்ல. மூணு தடவை பிரிச்சுப் போட்டேன்" என்றார். டீச்சர் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். "எண்பது கண்ணின்னு இருக்கணும். அறுபதுன்னு அச்சாயிருக்கு. அச்சாபீஸ் மேல பழி போடலாம். ஆனா ப்ரூப் பார்த்தது நான்தான். மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். முகம் வாடிப்போய், எல்லாருடைய புத்தகத்திலும் அறுபதை அடித்துத் திருத்தித் தருவதாகச் சொன்னார். வாசல் பக்கமிருந்து அஞ்சலையின் குரல் வந்தது:

"டீச்சரம்மா, அதை அடிச்சிடாதீங்க, ஏழாம் மாசத்துல பொறந்த எங்க பேரனுக்கு அந்த அறுபதுதான் சரியா இருந்துச்சு!"

கையெழுத்து

அதற்குப் பிறகு டீச்சரை நிறுத்த முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினார். எல்லாப் புத்தகத்திலும், "நிறைமாதக் குழந்தைக்கு எண்பது, முன்னால் பிறந்த குழந்தைக்கு அறுபது" என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டார். மதாம் லூர்து வரிசையில் நின்று வாங்கிக்கொண்டார். அஞ்சலைக்குப் பாய் ஒரு புத்தகம் இனாமாகக் கொடுத்தார்.

கடைசியில் நான் என் பிரதியை நீட்டினேன். "வீட்டுல அவங்க பேர் என்ன?" என்று பேனாவைத் திறந்தார். "எனக்குத்தாங்க. இதைப் படிச்சுத்தான் என் வேலை நிலைச்சுது" என்றேன். அவர் என் பிரதியைப் புரட்டினார். ஓரமெல்லாம் விரல் பட்டு அழுக்கேறியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஆம்பளை ஒருத்தர் படிப்பார்னு தெரியாம, பக்கத்துக்குப் பக்கம் 'சகோதரிகளே'ன்னு எழுதிட்டேனே, மன்னிச்சுக்குங்க தம்பி."

நின்று நின்று காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது வாஸ்தவம்தான். ஆனாலும் ஒரு சகோதரியாக இருந்து இவ்வளவு நல்ல மனிதர்களைச் சம்பாதித்த ஆம்பிளை இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.