முப்பத்தோரு நாள் நோட்டு

எங்கள் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகர டப்பா இருக்கிறது. மழை பெய்தால் மறுநாள் காலை அதில் நிற்கும் தண்ணீரைப் பள்ளிக்கூட ஸ்கேலால் மில்லிமீட்டரில் அளந்து நோட்டில் எழுதுவேன். வாய்க்காலில் தண்ணீர் வந்த நாள், நாற்று விட்ட நாள், நட்ட நாள், களையெடுத்த நாள் எல்லாம் அதே நோட்டில் இருக்கும். இருபத்தெட்டு ஆண்டு நடுநிலைப் பள்ளியில் வருகைப் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்காது. அந்த நோட்டில் பொய் எழுதியது ஒரே ஒரு முறைதான். அது ஒரு முப்பத்தோரு நாள் கணக்கு.

என் கணவர் ஓர் ஐப்பசி மாதம் காலமானார். காலையில் வயலைப் பார்த்துவிட்டு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். மூன்று மணிக்குக் காபிக்கு எழுப்பப் போனேன். எழவில்லை. எங்களுக்கு ஒரே மகள். அதிராம்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டு, அப்போது எட்டு மாதம். ரத்த அழுத்தம் இருக்கிறது, பஸ்ஸில் அலையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் தலைப்பிரசவத்துக்குக்கூட அவளை அழைத்து வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்கு வரக் கூடாது என்றார்கள் பெரியவர்கள். பிள்ளை பிறக்கிற வரைக்கும் காதிலேயே போட வேண்டாம் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை மட்டும் கடைக்குச் சரக்கு எடுக்கப் போவதாக அவளிடம் சொல்லிவிட்டு வந்து, கொல்லைப்புறம் நின்று அழுதுவிட்டுப் போனார்.

அவள் இரண்டு நாளுக்கு ஒரு முறை போன் செய்வாள். அப்பா எங்கே என்று கேட்பாள். முதல் இரண்டு முறை வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மூன்றாவது முறை, "முந்தாநாளுதானே மேலுரம் போட்டாச்சுன்ன?" என்றாள். அதற்குப் பிறகுதான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பதினாறாவது நாள் பக்கம் இப்படி இருக்கும்: "16. கருமாதி. சொல்ல வேண்டியது: அப்பா கும்பகோணம் போயிருக்கிறார், மோட்டாருக்கு வயர் வாங்க." அதற்குக் கீழே அன்றைய மழை அளவு. மழை மட்டும் உண்மை.

முப்பத்தோராவது நாள் பேத்தி பிறந்தாள். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று நாள் கழித்துப் பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். பேச்சு மாறிவிடக் கூடாதே என்று நோட்டையும் பையில் வைத்திருந்தேன். நான் வெந்நீர் வாங்கப் போன நேரத்தில், குழந்தைக்குத் துணி எடுக்க அவள் அந்தப் பையைத் திறந்திருக்கிறாள்.

திரும்பி வந்தபோது நோட்டு அவள் மடியில் இருந்தது. அழவில்லை. "இத எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள். பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்ட பெண்.

ஆறு வருடம் அவள் என்னோடு பேசவில்லை. மாப்பிள்ளை பேத்தியின் படங்களை எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். எந்தப் படம் எந்த நாள் வந்தது என்று எழுதி வைத்தேன். வேறு என்ன செய்வது?

இந்த வருடம் ஆடியில், எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வந்த மூன்றாம் நாள், அவளே கூப்பிட்டாள்.

"அப்பாவோட திதி என்ன?"

"ஐப்பசி வளர்பிறை பஞ்சமி."

"நெசமாவா, இல்ல எழுதி வச்சுப் படிக்கிறீங்களா?"

"நெசம்தாம்மா."

அவள் சொன்னாள்: "மறைச்சதக்கூட விட்டுட்டேன். எல்லா வீட்லயும் செய்யறதுதான். ஆனா நான் அப்பாகிட்ட கடைசியா பேசினது என்னைக்கு? அப்பா தூங்கறாங்க, அப்பா வயல்ல இருக்காங்கன்னு சொன்னீங்களே, அதுல எது வரைக்கும் நெசம், எங்கேருந்து பொய்? ஆறு வருஷமாக் கூட்டிக் கழிச்சுப் பாக்கறேன், பிடிபடல."

"போன அன்னைக்குக் காலையில உங்கிட்ட பேசினாங்க. அதுதான் கடைசி."

"நீங்க அப்படித்தான் சொல்லுவீங்க" என்று வைத்துவிட்டாள்.

அவள் கேட்டதில் தப்பில்லை. நான் சொன்னது உண்மை, ஆனால் என் வாயிலிருந்து வந்தால் அது உண்மையாக இல்லை. அதை மட்டும் சரி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இடது பக்கங்களில் அந்த முப்பத்தோரு நாளையும் உள்ளது உள்ளபடி எழுதினேன். நினைவை மட்டும் நம்பவில்லை. பால் அட்டையைப் பார்த்தேன். பக்கத்து வயல்காரரைக் கேட்டேன். காரியத்துக்கு வந்தவர்களிடம் யார் என்றைக்குக் கிளம்பினார்கள் என்று விசாரித்தேன். ஒன்பதாம் நாள் அவளிடம் அப்பா வடிகால் வெட்டுகிறார் என்று சொல்லியிருக்கிறேன். உண்மையில் அன்று பயிர் மூழ்கிக் கிடந்தது, எங்கள் வரப்பைப் பக்கத்து வயல்காரர்தான் வெட்டிவிட்டார், நான் கூடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. இரண்டையும் எழுதினேன். கடைசிப் பக்கத்தில், "பொட்டு வைத்துக்கொண்டு வந்தது தப்பு. அதை நீ என்னிடம் கேட்கவே இல்லை, அதனால் நானே எழுதுகிறேன்" என்று முடித்தேன். எழுதி முடிக்க ஒரு மாதம் பிடித்தது.

ஆவணி கடைசியில் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மன்னார்குடியில் ஒரு பஸ் மாறி, பட்டுக்கோட்டையில் இன்னொன்று மாறி, மத்தியானம் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்து, "வாங்க" என்றாள். சாப்பாடு போட்டாள். எதிரே உட்கார்ந்த மாப்பிள்ளைதான் அவளுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"நானும் கூட்டுக் களவாணிதான் அத்தை. என்னை ரெண்டு மாசத்துல மன்னிச்சிட்டா."

"மன்னிச்சேன்னு யாரு சொன்னா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு எத்தன நாளு சோத்துத் தட்ட நங்குனு வைக்கிறது? கை வலிச்சுது, விட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள். கிளம்பும்போது நோட்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்து, "வலது பக்கமெல்லாம் ஏன் வெறுமனே கெடக்கு?" என்று கேட்டாள். மை மறுபக்கம் ஊறும் என்று விட்டது, வேறு காரணம் இல்லை என்றேன். அதுவும் உண்மை.

ஐப்பசி பஞ்சமிக்கு முந்திய நாள் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். வருவார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் படையல் முடிந்து, சாப்பிட்டு, மாப்பிள்ளையும் பேத்தியும் கூடத்தில் தூங்கிப் போனார்கள். மகள் நோட்டை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். வலது பக்கங்களை நிரப்பியிருந்தாள். ஒன்பதாம் நாளுக்கு எதிரே: "குழந்தை விலாவில் உதைத்தது. அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மா, அப்பா வடிகால் வெட்டுகிறார் என்றார்கள். இந்த மழையில் வயசான மனுஷனை ஏன் அனுப்பினாய் என்று சண்டை போட்டேன்." அந்தச் சண்டையை நான் மறந்தே போயிருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். முதல் நாளுக்கு எதிரே மட்டும் ஒன்றும் இல்லை.

"இத மட்டும் எழுத முடியல" என்றாள். "காலையில பேசினேன்னு போட்டிருக்கீங்க. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு எழுதியிருக்கலாம்ல? அப்பாகிட்ட கடைசியா பேசினது எனக்கு ஞாபகம் இருக்கு. என்னைக்குங்கறதுதான் தெரியல. மழை எவ்வளவுப்பான்னு கேட்டேன். அப்பா உங்களக் கேட்டாங்க. நீங்க உள்ளேருந்து ஏதோ ஒரு அளவு சொன்னீங்க. என்ன சொன்னீங்க?"

யோசித்துப் பார்த்தேன். வரவில்லை. பொய் சொல்லவும் பயமாக இருந்தது.

"தெரியலம்மா. பழைய நோட்டுல இருக்கும்."

"அது இன்னும் இருக்கா?"

பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்து வந்தேன். அவளே பிரித்தாள். முதல் நாள் பக்கத்தை எழுதியபோது அவர் உயிரோடு இருந்தார். 'சொல்ல வேண்டியது' என்ற வரி அதில் கிடையாது. வயலில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு வரி, அதற்குக் கீழே மழை: 42½.

அவள் மற்றப் பக்கங்களையும் புரட்டினாள். முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம். எல்லாம் முழு எண்கள்.

"அரை" என்றாள். "நாப்பத்திரெண்டரைன்னு நீ கத்தின. அப்பா சிரிச்சாங்க. உங்கம்மாவுக்கு வானத்துகிட்டகூட அரை மில்லி விட்டுக்கொடுக்க மனசு வரல பாருன்னாங்க. நானும் சிரிச்சேன்."

அதன் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். மாப்பிள்ளை விழித்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனிதர்.

என் பேனாவை வாங்கி, வெறுமையாக இருந்த அந்த வலது பக்கத்தில் எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அவளே என் பக்கம் திருப்பி வைத்தாள். "காலையில் அப்பாவோடு பேசினேன். இரண்டு பேரும் சிரித்தோம்." அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்புமுன், "ராத்திரி மழை பேஞ்சுதே, டப்பாவப் பாத்தியா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். ஸ்கேலை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். பேத்தியும் பின்னால் ஓடினாள். சற்று நேரத்தில் குரல் வந்தது.

"பதினெட்டு."

வழக்கமாக ஒரு முறைக்கு இரண்டு முறை பார்ப்பேன். அன்று எழுந்து போகவில்லை. பதினெட்டு என்று எழுதிவிட்டு, அவர்களுக்குப் பஸ்ஸில் சாப்பிட இட்லி கட்டப் போனேன்.