நான்காம் பாடத்தில் ஓர் எள்

ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறையில் படித்து வெளியேறி எத்தனையோ வருடங்களாகிவிட்டன. ஆனாலும் துறை நடத்தும் கோடைக்கால ஒன்றுகூடலுக்கு நான் ஒரு வருடமும் போகாமல் விட்டதில்லை. ஸ்டுட்கார்ட்டிலிருந்து காலை ரயில் எடுப்பேன். இரண்டு தட்டு ரோல்ஸ் பொரித்துக் கொண்டுபோவேன். யார் யார் வந்தார்கள், என்ன பேசினோம், எத்தனை ரோல்ஸ் மிஞ்சின என்பதைத் திரும்பி வரும்போது ரயிலிலேயே நாட்குறிப்பில் எழுதிவிடுவேன். துறையோடு என் தொடர்பு இவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

சென்ற கோடையில் துறைக்குப் புதிய விரிவுரையாளர் வந்திருந்தார். ஜெர்மன்காரி, என்னைவிடப் பத்து வயது இளையவர். ஒன்றுகூடலில் மதியம் வரை எல்லோரும் தமிழில் மட்டுமே பேச வேண்டும் என்று விதி போட்டிருந்தார். முந்திய வருடங்களில் மாணவர்கள் என்னோடு ஜெர்மனில்தான் பேசுவார்கள்.

முதலில் நெட்டையான மாணவர் ஒருவர் என் முன்னால் வந்து நின்றார். தொண்டையை இரண்டு தரம் செருமினார். பிறகு, "வணக்கம். நான் சந்தைக்குப் போகிறேன். நீங்களும் வருகிறீர்களா?" என்றார். ரோல்ஸில் மிளகு கூடிவிட்டதோ என்று அவருடைய தட்டைப் பார்த்தேன். அவர் இன்னும் ரோல்ஸ் எடுத்திருக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். நன்றி சொல்லிக் குடித்துவிட்டு, மறுபடியும் இரண்டு தரம் செருமி, கத்தரிக்காய் வாங்க வேண்டும் என்றார்.

அடுத்து வந்த மாணவியும் செருமினார். அதற்கடுத்தவரும் செருமினார். மதியத்துக்குள் என் கணக்கில் ஏழு பேர். ஒவ்வொருவரும் வாய் திறக்குமுன் சரியாக இரண்டு தரம். ஒருவருக்கும் தடிமனோ சளியோ இல்லை.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவரின் கடை இருக்கிறது. கொத்தமல்லி வாங்கப் போனேன்.

"தங்கச்சி, உங்கட யூனிப் பிள்ளையளுக்கு என்ன வருத்தம்?" என்று அவர் கேட்டார்.

"ஏன் அண்ணை?"

"வந்து தமிழில சாமான் கேக்கினம். நல்ல விசயம். ஆனா கேக்க முன்னம் ரெண்டு செருமல். பாவமெண்டு ஒவ்வொருத்தருக்கும் அவிச்சுக் குடிக்கச் சொல்லி ஒரு கொத்தமல்லிப் பைக்கற் குடுத்து விட்டன்."

அதனால் எனக்குக் கொத்தமல்லி கிடைக்கவில்லை.

ரயிலில் அந்தச் சந்தை வசனம் மனதைக் குடைந்துகொண்டே இருந்தது. எங்கோ கேட்ட வசனம். பாதி வழியில்தான் பிடிபட்டது: பேசியதே நான்தான். மாணவியாக இருந்தபோது ஆரம்பப் பாடங்களின் உரையாடல்களைக் குரல் கொடுத்துப் பதிவு செய்திருந்தேன். சந்தை நான்காம் பாடம். வீட்டுக்கு வந்ததும் அந்த வருடத்து நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். தெளிவாக எழுதியிருந்தேன்: "காலையில் எள்ளுத் தூவிய பாண் துண்டு. தொண்டையில் ஓர் எள். நான்காம் பாடத்தில் இரண்டு தரம் செருமினேன். பேராசிரியர் பரவாயில்லை என்றார்."

அந்தப் பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். பதிவு கசெட்டிலிருந்து இறுவட்டுக்கு வந்து, இப்போது மாணவர்களின் கைபேசிக்குள் இருக்கிறது. எள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மறுநாள் காலை விரிவுரையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். மறுமுனையில் இரண்டு செருமல் கேட்டது. பிறகுதான் வணக்கம் வந்தது. அவரும் அதே பதிவைக் கேட்டுத் தமிழ் படித்தவர். நடந்ததைச் சொன்னேன்.

"அக்கா, அது மரியாதை இல்லையா?"

"இல்லை. அது எள்ளு."

"நான் வாய்மொழிப் பரீட்சையில அதுக்குப் புள்ளி போடுறனான்."

யாழ்ப்பாணத்துக்குப் போனபோதும் எல்லா வீட்டிலும் செருமியதாகவும், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றும், எல்லோரும் தனக்குத் தேத்தண்ணி மட்டும் சுடச்சுடத் தந்தார்கள் என்றும் சொன்னார். அந்தத் தேத்தண்ணி ஏன் சுடச்சுட வந்தது என்று நான் விளக்கவில்லை. நாட்குறிப்பில் ஒரு காற்புள்ளி பிழைத்தாலும் திருத்தி, பக்கத்தில் கையெழுத்து வைக்கிறவள் நான். இந்தப் பிழையோ இத்தனை பேரின் வாயில் நடமாடிக்கொண்டிருக்கிறது. நான்காம் பாடத்தை மறுபடி பதிவு செய்து பழையதை அழிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் நாளும் நேரமும் குறித்து ஒரு டெர்மின் தந்தார்.

அதற்கு முன் மூன்று நாள் பாண் சாப்பிடவில்லை. வெந்நீரில் தேன் கலந்து குடித்தேன். பதிவறையில் பாடத்தை ஒரே மூச்சில் சுத்தமாக வாசித்தேன். மூச்சு வாங்கிய சத்தம்கூட இல்லை. விரிவுரையாளர் யோசித்துவிட்டு, முதலாம் வருட மாணவர்கள் கேட்டு முடிவு சொல்லட்டும் என்றார். என்னை வகுப்பின் கடைசி வரிசையில் இருத்தினார்.

பழைய பதிவைப் போட்டார். மாணவர்கள் பழகிய முகத்தைக் கண்டதுபோலச் சிரித்தார்கள். புதியதைப் போட்டார். ஒருவரும் அசையவில்லை. நெட்டை மாணவர் கையை உயர்த்தி, செருமிவிட்டுக் கேட்டார்: "இந்த அம்மா ஏன் கோபமாக இருக்கிறார்?"

இவரோடு சந்தைக்குப் போகத் தனக்குப் பயம் என்றார் பக்கத்தில் இருந்த மாணவி. அதுவும் நான்தான் என்று பின்னாலிருந்து சொன்னேன். வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. மன்னிப்புக் கேட்பதற்காக எல்லோரும் ஒன்றாகச் செருமினார்கள்.

பிறகு விரிவுரையாளர் என்னை வாசல் வரை கூட்டிவந்தார்.

"குறை நினையாதேங்கோ அக்கா. நாலாம் பாடம் இருக்கிற மாதிரியே இருக்கட்டும். புதுசை ஒன்பதாம் பாடத்தில சேர்க்கிறன்."

ஒன்பதாம் பாடம் என்னவென்று கேட்டேன். அயலவரோடு சண்டை பிடிப்பது எப்படி என்பது. அதற்குப் பொருத்தமான குரல் இதுவரை கிடைக்கவில்லையாம்.

திரும்பும் வழியில் கடைக்குப் போனேன். கொத்தமல்லி வந்திருந்தது. அண்ணை என்னைக் கண்டதும் இரண்டு தரம் செருமிவிட்டு, "வாங்கோ தங்கச்சி" என்றார்.

"நீங்களுமா அண்ணை?"

"அந்தப் பிள்ளையள் மரியாதையாச் செருமேக்க நான் சும்மா நிண்டா வடிவில்லைத்தானே."

அது மரியாதை இல்லை, எள்ளு என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் பைக்கற்றைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தரவில்லை. பின்னால் இன்னும் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

ரயிலில் நாட்குறிப்பில் எழுதினேன்: "கொத்தமல்லி, ஒரு பைக்கற். என் செருமல், இரண்டு. எள் இல்லை."