போர்வைக்குப் பின்னால் இருந்த காது

என் அத்தானுக்குப் பொற்காது என்று ஒரு பட்டம் உண்டு. வீட்டில் உயர்ந்த ரக ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்பவர்களுக்கென்றே வருகிற ஒரு மாதப் பத்திரிகையில் பதினோரு வருடமாக எழுதுகிறார். எந்தக் கருவி உசத்தி, எது தண்டம் என்று அவர் சொல்லிவிட்டால் கடைக்காரர்கள்கூட மறுபேச்சுப் பேசமாட்டார்கள். அந்தப் பட்டத்தை யாராவது சொல்லக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அந்தக் காது அவருடையதே இல்லை. என் அக்காவுடையது.

அக்கா ஓர் ஆஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்கிறாள், இருபத்திரண்டு வருடமாக. தடித்த கதவு போட்ட சின்ன அறை. உள்ளே வந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையில் ஒரு பொத்தானோடு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து அக்கா மெல்லிய ஒலியாக ஒவ்வொன்றாய் அனுப்புவாள். கேட்டால் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். சிலர் கேட்காமலே அழுத்துவார்கள். காது போச்சென்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று பயப்படும் லாரி ஓட்டுநர், கிழவன் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படும் மேனேஜர். அதனால் அக்கா நடுநடுவே எதையும் அனுப்பாமல் சும்மா இருப்பாள். அப்போதும் பொத்தான் அழுந்தினால் சங்கதி வெளிச்சம். அதற்காக அவள் யாரையும் கடிந்துகொண்டதில்லை. பாவம், பயத்தில் அழுத்துகிறார்கள் என்பாள்.

வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். கணினியில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள்தான். அந்த எண்களை ஸ்பீக்கர் பாடக்கூடிய மின்சார அலையாக மாற்ற ஒரு பெட்டி வேண்டும். டாக் என்பார்கள். அத்தானுக்கு இந்தப் பெட்டிகள்தான் உயிர். புதிதாக ஒன்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்து உட்காருவார், விரலால் தொடையில் தாளம் போடுவார், தலையை ஆட்டுவார். பத்து நிமிடம் கழித்துச் சமையலறைப் பக்கம் பார்த்து, "கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்பார். அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றபடியே கேட்பாள். பாடுகிற அம்மா மூச்சு இழுப்பது இதில் கேட்கிறது, அதில் கேட்கவில்லை என்பாள். அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அடுத்த மாதம் பத்திரிகையில், 'பாடகியின் சுவாசம் என் கன்னத்தைத் தொட்டது' என்று வரும். கன்னமாம்! ஓசிச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு ஏப்பம் வேறு.

இதை எத்தனையோ தடவை அக்காவிடம் சொல்லி மல்லுக்கட்டியிருக்கிறேன். அவருக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் அதுதான், விட்டுவிடு என்பாள். உனக்கு எது சந்தோஷம் என்று கேட்டால், கொடியில் துணி காய்ந்துவிட்டதா பார் என்பாள்.

இந்த வருடம் பத்திரிகை ஒரு சிறப்பிதழ் போட்டது. உள்ளங்கையில் அடங்குகிற மலிவான டாக் ஒன்று, இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பெரிய டாக் ஒன்று. இரண்டையும் ஒப்பிட்டு எட்டுப் பக்கம் எழுத வேண்டியது அத்தான் பொறுப்பு. பெரியதுதான் உசத்தி என்று அவர் முதல் நாளே முடிவு கட்டிவிட்டார். அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து சத்தத்தை அளக்கும் மீட்டரை எடுத்து வந்து, அவர் உட்காருகிற நாற்காலியிலேயே வைத்து அளந்தாள். பெரிய பெட்டியின் சத்தம் ஒரு துளி கூடுதல்.

"ஒரு துளி சத்தம் கூடினாலே எதுவும் நல்லா இருக்கற மாதிரிதான் தோணும். ரெண்டையும் சமமா வச்சு, எது எதுன்னு தெரியாம கேட்டுப் பாருங்க" என்றாள்.

முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார். ஆசிரியரையும் கூட்டாளிகளையும் வீட்டுக்கு அழைத்து அப்படி ஒரு சோதனை வைத்தால் அமர்க்களமாக இருக்கும் என்று அவருக்கே தோன்றிவிட்டது. அன்றைக்குத்தான் அக்கா தன் வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் ஒன்று கேட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"இந்தத் தடவை என் பேரையும் போடுங்க."

அத்தான் என்னவோ நிலாவைக் கேட்டுவிட்ட மாதிரி பார்த்தார். "போட்டா யாரு நம்புவாங்க? ஆஸ்பத்திரியில வேலை பாக்கறவளுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்னு கேப்பாங்க. பாக்கலாம் விடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆறு பேர் வந்தார்கள். அத்தானையும் சேர்த்து ஏழு பொற்காதுகள். மேசைக்கு முன்னால் கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் அக்கா உட்கார்ந்தாள். எழுதிக்கொள்ள நான். சத்தத்தைச் சமப்படுத்திய பிறகு, ஒரே பாட்டின் ஒரே நிமிடத்தை இரண்டு முறை போடுவது, முதலாவதா இரண்டாவதா எது நன்றாக இருந்தது, இல்லை வித்தியாசமே இல்லையா என்று அவர்கள் சீட்டில் எழுதுவது என்று ஏற்பாடு. மொத்தம் பத்துச் சுற்று.

மூன்றாவது சுற்றில் அக்கா வயரைக் கழற்றினாள், திரும்ப அதே பெட்டியிலேயே செருகினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். உதட்டில் விரலை வைத்தாள். ஐந்திலும் அப்படியே, எட்டிலும் பத்திலும் அப்படியே. போர்வைக்கு அந்தப் பக்கம் ஏக அமர்க்களம். இப்போது ஒலி விரிந்துவிட்டது என்றார் ஒருவர். திரை விலகிய மாதிரி இருக்கிறது என்றார் அத்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, சீட்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

முடிந்ததும் நான் வாங்கி வந்த சீட்டுகளைப் பார்த்துவிட்டு அக்கா வெளியே வந்து நின்றாள். "நாலு தடவை நான் பெட்டியையே மாத்தலை. ஒரே பெட்டிதான் ரெண்டு தரமும் பாடிச்சு. அதுலயும் எல்லாரும் வித்தியாசம் எழுதியிருக்கீங்க."

மீதி ஆறு சுற்றிலும் ஓட்டுகள் பாதிக்குப் பாதி பிரிந்திருந்தன. பிறகு ஒருவர் வயரைக் குறை சொன்னார், ஒருவர் மின்சாரத்தைக் குறை சொன்னார், இன்னொருவர் போர்வை ஒலியை உறிஞ்சிவிட்டது என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அத்தான் முகம் சிவந்து, யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய் என்று எல்லார் முன்னாலும் அதட்டினார். தினமும் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் செய்கிறேன் என்று அவள் அமைதியாகச் சொன்னாள். அதோடு விடவில்லை. இந்த இரண்டு பெட்டிக்கும் இடையில் தனக்கும் வித்தியாசம் தெரியவில்லை, முன்பு தான் சொன்னதையெல்லாம்கூட இப்படிச் சமப்படுத்தித் திரும்பக் கேட்க வேண்டும் என்றாள். அந்த ஏழு பேரில் ஒருவருக்காவது தன் காதின் மேல் இந்தச் சந்தேகம் வந்ததா?

ஆசிரியர் மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்தார். இதுதான் விஷயம், இதை அப்படியே போடலாம் என்றார். இனி பெயரை மறைக்க வழியில்லை என்று நான் நம்பினேன். அவர் அதை அத்தானைப் பார்த்துச் சொன்னதை நான் கவனித்திருக்க வேண்டும்.

இதழ் வந்தது. எட்டுப் பக்கம், மேலே அத்தானின் படம். 'நான் வகுத்த சோதனை' என்று தொடக்கம். 'நான்கு சுற்றுகளில் பெட்டியை மாற்றுவதில்லை என்று முன்கூட்டியே திட்டமிட்டிருந்தேன்' என்று எழுதியிருந்தார். நாலிலும் ஏமாந்த மனிதர், ஏமாற்றியவன் தானே என்று எழுதுகிறார்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். கடைசிப் பக்கத்தின் அடியில், 'வயர் மாற்றியும் தேநீர் தந்தும் உதவிய என் மனைவிக்கு நன்றி' என்று ஒரு வரி. அந்தத் தேநீரைப் போட்டது நான்.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அழவில்லை, கத்தவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை காலை ஆசிரியர் போன் செய்தார். பாராட்டை நாலு பேர் கேட்க வேண்டுமே, அத்தான் ஸ்பீக்கரில் போட்டார். வாசகர் கடிதம் குவிகிறது, இன்னும் ஆறு டாக்குகளை இதே முறையில் ஒப்பிட்டு எழுதித் தாருங்கள் என்றார் ஆசிரியர். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அக்கா மேசைக்கு வந்தாள்.

"அதை என்கிட்ட கேளுங்க சார். சோதனை என்னோடது. இத்தனை வருஷமா காது குடுத்துக் கேட்டுச் சொன்னதும் நான்தான். என் பேரைப் போடறதா இருந்தா செய்யறேன்."

ஆசிரியர் சொன்னார்: "சரிம்மா. எதுக்கும் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

போர்வைக்குப் பின்னாலிருந்து அவள் வெளியே வந்ததைக் கண்ணால் பார்த்த மனிதர்! எனக்கு அந்தப் போனையே ஜன்னல் வழியாக வீசலாம் போல இருந்தது. அக்கா கோபப்படவில்லை.

"கேளுங்க, இங்கதான் இருக்கார்" என்று போனை அத்தான் முன்னால் நகர்த்திவிட்டு, அசையாமல் நின்றாள்.

அத்தான் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேந்தப் பேந்த விழித்தார். வாய்க்குள்ளேயே ஏதோ முனகினார்.

"சார், சரியா காதுல விழலையே" என்றார் ஆசிரியர்.

அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அவ சொல்றது நிஜம்தான். எனக்கு எந்தப் பெட்டியிலயும் வித்தியாசம் தெரிஞ்சதில்லை. எல்லாம் அவ சொன்னதுதான்."

அக்கா நேரமாயிற்று என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பதினோரு வருடத்துக்கு இது ஈடாகுமா? ஆகாது. ஆனால் அதை அவர் வாயாலேயே, அதுவும் இரண்டாம் முறை உரக்கச் சொன்னாரே, அதில் எனக்குப் பரம திருப்தி.