கே. மலர்க்கொடியைக் கணினி தேர்ந்தெடுத்த கதை

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஒரு பொய் இருக்கிறது. தெரிந்தேதான் எழுதினேன். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டுதான் இன்று கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்... என்ன பாடம் தெரியுமா? ஆய்வு நெறிமுறை! சிரிக்காதீர்கள். சரி, சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கே சிரிப்புத்தான் வருகிறது.

நான் உளவியல் படித்தவன். கறம்பக்குடிப் பக்கத்து ஊரொன்றில், மகளிர் குழுக் கட்டடத்தில் மடிக்கணினி வைத்து ஆய்வு நடத்தினேன். 'சிவப்பு' என்ற சொல் திரையில் பச்சை நிறத்தில் தோன்றும். சொல்லை விட்டுவிட்டு நிறத்துக்குரிய விசையைத் தட்ட வேண்டும். இப்படி மூன்று சோதனைகள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவற்றைத் திறந்து, மூடி, முடிவைச் சேமித்து... யாரால் முடியும்? நான் பெரிய சோம்பேறி!

அதனால் ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். கணினி அடுத்தடுத்துச் செய்யவேண்டிய வேலைகளைச் சில வரிகளில் சொல்லிவைக்கும் கோப்பு அது. பெயரைக் கேட்கும், சோதனைகளைத் தானே ஓட்டும், முடிவை அந்தப் பெயரிலேயே சேமிக்கும். என் பெயரைக் கொடுத்துப் பார்த்தேன். அருமையாக ஓடியது!

எல்லாரும் முடித்த பிறகு முடிவுகளைத் திறந்தேன். ஏ, கே, எம், எஸ்... எழுத்துக்கு ஒரே ஒரு கோப்பு! பெயரில் இடைவெளி வந்தால், என் பேட்ச் ஃபைல் அதற்கு முன்னால் இருப்பதை மட்டுமே பெயரென்று எடுத்துக்கொண்டிருக்கிறது. நானோ இனிஷியல் இல்லாமல் சோதித்திருந்தேன். நம் ஊரில் யார் இனிஷியல் இல்லாமல் பெயர் சொல்வார்கள்? அந்த ஊரில் பாதிப்பேர் ஏதாவதொரு கருப்பையாவின் மகள், இல்லையென்றால் மனைவி. ஒரு 'கே'யை அடுத்த 'கே' அழித்து, கடைசி 'கே' மட்டும் மிஞ்சியிருந்தார்.

நெறியாளரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? பயம்! நேரே ஊருக்குப் போய், முடிவு அழிந்துபோனவர்களைக் கூப்பிட்டுக் கூசாமல் சொன்னேன்: "நீங்க எல்லாரும் ரெண்டாவது ரவுண்டுக்கு செலக்ட் ஆகிட்டீங்க! கம்ப்யூட்டரே எடுத்திருக்கு!"

முடிவு பத்திரமாக இருந்தவர்கள், தேர்வாகவில்லையே என்று முகம் வாடினார்கள். அது தனிப் பாவம்.

இரண்டாம் முறை யாருக்கும் கை வேகமாக ஓடும். அந்த வேகத்தை முதல்முறை வேகமென்று எழுதினேன். பழக்கமே இல்லாமல் இவ்வளவு கூர்மையா என்று நெறியாளர் வியந்தார். நானும் வியந்தேன்... வெட்கமில்லாமல்!

தேர்வானவர்களில் ஒருவர் கே. மலர்க்கொடி. மல்லிகை கட்டி விற்பவர். முதல் நாள் விசைப்பலகையைத் தொடவே பயந்தவர், கணினி தன்னைத் தேர்ந்தெடுத்தது என்றதும் ஆளே மாறிவிட்டார். ஏடிஎம்மில் தானே பணம் எடுக்கிறார். பேங்க் மேனேஜரிடம் நிமிர்ந்து பேசுகிறார். இப்போது குழுத் தலைவியே அவர்தான். எனக்கு மகிழ்ச்சி, பொய்யில்லை... இந்த ஒன்றிலாவது! ஆனால் அந்த நிமிர்வுக்கு அடியில் என் புளுகு கிடக்கிறதே. உண்மை வெளியே வந்தால் எனக்குப் பட்டம் போகும். அவருக்கு எது போகும்?

போன வாரம் புதுக்கோட்டைப் பேருந்தில் ஏறினேன். நல்ல கூட்டம்.

"டாக்டர் தம்பி! இங்கிட்டு வாங்க!"

அவரேதான், பூக்கூடையோடு. சுற்றியிருந்தவர்களிடம், "கம்ப்யூட்டரு என்னைய எடுத்துச்சுன்னு சொன்னேன்ல, அந்தத் தம்பி இவருதான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நெசமாச் சொல்லுங்க தம்பி. அம்புட்டுப் பேருல என்னைய எதுக்கு எடுத்துச்சு?"

சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு!

"ஒங்க இனிஷியலுக்காகத்தாங்க அக்கா."

ஆய்வேட்டில் எழுதாத உண்மையை, ஓடும் பேருந்தில், அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்! அவர் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா! கருப்பையா மகளுன்னா சும்மாவா!" என்று பேருந்தே திரும்பிப் பார்க்கச் சிரித்தார். பிறகு கூடையை மடிக்கு மாற்றிக்கொண்டு, "ஒக்காருங்க டாக்டர் தம்பி" என்றார்.

நான் நின்றுகொண்டே போயிருக்க வேண்டும். உட்கார்ந்துவிட்டேன்...